மெதைல் ஏறினால் ஜீன் அடங்குமா, எழும்புமா?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசற்றைல் என்ற இரசாயனக் கூட்டம் ஏறினால் ஜீன் வேலை செய்யும், மெதைல் என்ற கூட்டம் ஏறினால் அடங்கும் என்று குறிப்புகளில் இருக்கிறது, ஆனால் வேலை செய்யும் ஜீன்களின் தொடக்கத்திலேயே மெதைல் குவிந்திருப்பதாக இன்னோர் இடத்தில் வாசித்தேன், எது சரி? இங்கேயுள்ள ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் இதை மாணவர்களுக்குக் காட்ட வழியிருக்கிறதா? கூடவே, போர்க்காலத்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகளுடைய ஜீனில் அது பதிந்திருக்குமா என்று ஒரு மாணவி கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்விகளுக்கு அடியில் கிடப்பது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன். இந்த இரசாயன அடையாளங்கள் ஜீனை இயக்குகின்றனவா, அல்லது ஜீன் இயங்கியதன் தடயங்களாக மிஞ்சுகின்றனவா? ஒவ்வொரு அடையாளத்துக்கும் விடை வேறு. அதனால்தான் குறிப்புகளில் உள்ள ஒற்றை வரி பொருந்தாமல் போகிறது.

முதலில் உறுதியானவற்றைப் பார்ப்போம். மனிதக் கலமொன்றின் டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கருவின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் ஹிஸ்டோன்களில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதத் தொகுதியொன்று ஆகிறது. அதைச் சுற்றி 147 மூலச்சோடி (டி.என்.ஏ.யின் எழுத்துச் சோடி) நீளமான டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றியிருப்பதே நியூக்கிளியோசோம். ரொஜர் கோர்ன்பேர்க் 1974இல் இந்த அமைப்பை முன்வைத்தார். 1997இல் கரோலின் லூகரும் திமத்தி ரிச்மண்டும் அடங்கிய குழு அதன் பளிங்குக் கட்டமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ரம் துல்லியத்தில் வெளியிட்டது. ஒரு மனிதக் கலத்தில் இப்படி ஏறத்தாழ 3 கோடி இருக்கின்றன. சுற்றப்பட்ட டி.என்.ஏ.யில் ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கும் நொதியம் தானாக உட்கார முடியாது. ஆகவே அடங்கியிருப்பதுதான் இயல்பு நிலை. ஒரு ஜீன் இயங்குவதற்குத்தான் யாராவது வேலை செய்ய வேண்டும்.

ஹிஸ்டோன்களின் நுனிகள் வால்போல வெளியே நீண்டிருக்கும். அவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. லைசினுக்கு நேர்மின்னேற்றம், டி.என்.ஏ.க்கு மறைமின்னேற்றம், எனவே இரண்டும் இறுகப் பிடிக்கின்றன. அசற்றைல் கூட்டம் லைசினின் மின்னேற்றத்தை நீக்கிவிடுகிறது, பிடி தளர்கிறது. அசற்றைலுக்கும் ஆர்.என்.ஏ. உற்பத்திக்கும் தொடர்பிருக்கலாம் என்று வின்சென்ற் ஓல்ஃப்ரி 1964இலேயே சொல்லிவிட்டார். அசற்றைலை ஏற்றும் நொதியத்தை டேவிட் அலிஸ் குழு தெத்ராஹைமேனா என்ற தனிக்கல உயிரியிலிருந்து பிரித்து இனங்கண்டது 1996இல். அதே ஆண்டில் ஸ்ருவர்ட் ஷ்ரைபரின் குழு அதை அகற்றும் நொதியத்தைப் பிடித்தது. அசற்றைலைப் பொறுத்தவரை உங்கள் குறிப்புகள் பெருமளவு சரி, பொதுவாக அது திறப்பின் பக்கம்.

குழப்பம் மெதைலில்தான். மெதைல் ஏறினாலும் லைசினின் நேர்மின்னேற்றம் அப்படியே இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று மெதைல் ஏறினாலும் மாறாது. பிடி இறுகுவதுமில்லை, தளர்வதுமில்லை. எனவே மெதைலுக்குத் தனக்கென்று ‘அடக்கு’ அல்லது ‘எழுப்பு’ என்ற குணம் கிடையாது. அது எந்த லைசினில் இருக்கிறது, அந்த இடத்தைப் பற்றிக்கொள்ள எந்தப் புரதம் வருகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஆய்வாளர்கள் எழுதும் எச்3கே4மீ3 என்பதை எச்3 ஹிஸ்டோன், லைசினுக்குரிய எழுத்தான கே, 4ஆவது இடம், மூன்று மெதைல் என்று வாசிக்க வேண்டும். அந்த இடத்தைப் பற்றும் புரதங்களில் ஒன்று ராஃப்3. அது ஜீனைத் தொடக்கிவைக்கும் பெரிய தொகுதியின் உறுப்பு. ஆகவே 4ஆவது லைசினில் உள்ள மெதைல் இயங்கும் ஜீன்களின் வாசலில் காணப்படுகிறது. அதே வாலில் 9ஆவது இடத்தில் மூன்று மெதைல் ஏறினால் எச்.பி.1 என்ற புரதம் வந்து ஒட்டும், அங்கே டி.என்.ஏ. நெருக்கமாக அடைபடும். 27ஆவது இடத்தில் ஏறினால் பொலிகோம்ப் தொகுதி வரும். முளைய வளர்ச்சியில் தேவையில்லாத ஜீன்களை அடக்கிவைப்பது அதன் வேலை. 36ஆவது இடத்தில் ஏறுவது இயங்கும் ஜீனின் உடல் நெடுகப் பரந்திருக்கும். மாணவர்களுக்கு ஒரு வரியில் சொல்ல வேண்டுமென்றால், “அசற்றைல் பெரும்பாலும் திறக்கும், மெதைலுக்கு இடத்தைக் கேள்” என்று சொல்லலாம். அதில் பிழையில்லை.

முழு மரபணுத் தொகுதியையும் ஒரே பார்வையில் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். இயங்கும் ஜீனின் தொடக்கத்தில் நூற்றைம்பது, இருநூறு மூலச்சோடி நீளத்துக்கு நியூக்கிளியோசோம் இல்லாத வெளி. அதன் இரு கரையிலும் எச்3கே4மீ3, கூடவே எச்3கே27ஏசி, அதாவது 27ஆவது லைசினில் அசற்றைல். ஜீனிலிருந்து பல்லாயிரம் மூலச்சோடி தள்ளியிருந்தே அதை எழுப்ப உதவும் ஊக்கிப் பகுதிகளில் எச்3கே4மீ1 இருக்கும். ஊக்கி உண்மையிலேயே வேலையில் இருந்தால் எச்3கே27ஏசியும் சேரும். 27ஆவது லைசினில் ஒரே நேரத்தில் அசற்றைலும் மெதைலும் இருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். இழையங்களுக்கிடையே அதிகம் வேறுபடுவது ஜீன் வாசல்களைவிட இந்த ஊக்கிகள்தான். ஈரல் கலத்தில் அல்புமின் ஜீன் திறந்திருக்கக் காரணம் அசற்றைல் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபொக்ஸ்-ஏ போன்ற புரதங்கள் நியூக்கிளியோசோமில் சுற்றியிருக்கும் டி.என்.ஏ.யைக்கூட அடையாளம் கண்டு முதலில் உட்காருகின்றன. பிறகுதான் அசற்றைல் ஏற்றும் நொதியங்களும், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவழித்து நியூக்கிளியோசோமைத் தள்ளி நகர்த்தும் தொகுதிகளும் வருகின்றன. எங்கே என்பதைச் சொல்வது டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையும் அதை வாசிக்கும் புரதங்களும். ஹிஸ்டோன் அடையாளங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. பாடநூல்கள் இந்த வரிசையைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்பேன்.

இனி அந்த அடிக்கேள்வி. அடையாளம் பூட்டா, அல்லது கதவில் மாட்டிய பெயர்ப்பலகையா? சிலவற்றில் பூட்டு என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. பழ ஈயில் எச்3 ஜீன்களின் ஏறத்தாழ நூறு பிரதிகள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் அவற்றை மொத்தமாக நீக்கி, 27ஆவது லைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற வேறோர் அமினோ அமிலம் உள்ள பிரதிகளை வைக்க முடிகிறது. 2013இல் அதைச் செய்தபோது, பொலிகோம்ப் நொதியமே இல்லாத ஈயில் தோன்றும் அதே கோளாறுகள் தோன்றின. அடங்கியிருக்க வேண்டிய ஜீன்கள் எழும்பின. நொதியம் இருந்தும், அது மெதைல் ஏற்றும் அந்த ஒரு லைசின் இல்லாததால் அடக்கம் கைவிட்டுப் போயிற்று. இதைவிட நேரடியான சான்று கேட்க முடியாது. மனிதரிலும் ஒப்பான ஒன்று உண்டு: எச்3இன் 27ஆவது லைசின் மெதியோனினாக மாறும் விகாரம் சிறுவர்களின் மூளைத்தண்டுக் கட்டிகள் பலவற்றில் இருப்பது 2012இல் தெரியவந்தது. அந்த மாற்றம் பெற்ற சிறிதளவு ஹிஸ்டோனே போதும், கலம் முழுவதிலும் எச்3கே27மீ3 சரிந்துவிடுகிறது.

4ஆவது லைசினின் கதை வேறு. அதே ஈ முறையில் 4ஆவது லைசினை மாற்றியபோதும் ஜீன்கள் வழமைபோல் எழும்பின. எச்3கே4மீ1 ஊக்கியின் அடையாளம் என்று எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதை ஏற்றும் நொதியத்தின் வேதிவேலையை மட்டும் முடக்கி, புரதத்தை அப்படியே விட்டுவைத்த 2017ஆம் ஆண்டுப் பரிசோதனைகளில், ஜீன் இயக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பு சிறிது. புரதத்தையே நீக்கியபோதுதான் பாதிப்பு பெரிது. எலியின் முளையக் குருத்துக் கலங்களில் எச்3கே27ஏசியை இல்லாமலாக்கியபோதும் பெரும்பாலான ஜீன்கள் கிட்டத்தட்ட வழமைபோல் இயங்கின. எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது: டி.என்.ஏ.யில் குறித்த இடத்தைத் தேடிப் போகும், ஆனால் வெட்டும் திறன் நீக்கிய காஸ்9 புரதத்துடன் பி300 என்ற அசற்றைல் நொதியத்தை ஒட்டி ஓர் ஊக்கிக்கு அனுப்பினால், அதற்குரிய ஜீன் எழும்புகிறது என்று 2015இல் காட்டப்பட்டது. ஆனால் பி300 ஹிஸ்டோனை மட்டும் தொடுவதில்லை, பக்கத்தில் நிற்கும் மற்றப் புரதங்களுக்கும் அசற்றைல் ஏற்றும். எச்3கே36மீ3ஐ ஏற்றும் நொதியமோ ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கும் நொதியத்திலேயே தொற்றிக்கொண்டு போகிறது. ஆக அது ஜீன் ஓடியபின் விழும் தடம். தடம் என்றாலும் பயனற்றதல்ல: மதுவத்தில் அந்தத் தடத்தைப் பார்த்து வரும் நொதியம் பின்னாலுள்ள அசற்றைலைத் துடைத்து, ஜீனின் நடுவிலிருந்து தப்புப் பிரதி தொடங்காமல் காக்கிறது. ஆகவே 27இன் மெதைலும் 9இன் மெதைலும் பெருமளவு காரணம், 36 பெருமளவு விளைவு, 4 இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எச்3கே4மீ3ஐ வேகமாக நீக்கினால், தொடங்கிய இடத்துக்கு அருகில் தங்கி நிற்கும் பிரதி நொதியம் முன்னே நகரத் தடுமாறுகிறது என்று 2023இல் வந்த வேலை அந்த வாதத்தை மீண்டும் திறந்துவிட்டிருக்கிறது.

மருத்துவப் பயனுக்கு வகுப்பில் சொல்ல ஒரு நல்ல உதாரணம் ஈமோகுளோபின் குறைபாட்டு நோயான தலசீமியா. குருநாகலில் அதற்கென்றே தனி நிலையம் இருப்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். தாய் வயிற்றிலிருக்கும் குழந்தையின் ஈமோகுளோபினுக்குரிய காமா ஜீன் பிறந்தபின் அடங்குவதற்கு பி.சி.எல்.11ஏ என்ற புரதம் பெரிய காரணம். அது அசற்றைல் அகற்றும் நொதியங்கள் அடங்கிய தொகுதியைக் கூட்டிவருகிறது. அந்தப் புரதத்தின் சொந்த ஜீனுக்குள்ளேயே, செங்குருதிக் கலப் பரம்பரையில் மட்டும் திறந்திருக்கும் ஓர் ஊக்கி உண்டு. அதைக் கண்டுபிடிக்க உதவியவை குரோமற்றினின், அதாவது டி.என்.ஏ.யும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொதியின், இந்த அடையாள வரைபடங்கள்தான். அந்த ஊக்கியின் ஓர் இடத்தை மட்டும் கிறிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் முறையால் உடைத்தால் செங்குருதிக் கலத்தில் பி.சி.எல்.11ஏ குறையும், காமா ஜீன் மீண்டும் எழும்பிக் குறைபட்ட ஈமோகுளோபினுக்கு ஈடுகொடுக்கும், மற்றக் கலங்களுக்குத் தொந்தரவில்லை. 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இதுதான். எங்கள் நாட்டு நோயாளிக்கு எட்டும் விலையில் அது இன்னும் இல்லை. நம் மருந்தகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் உதாரணம் வேண்டுமென்றால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேற் அசற்றைல் அகற்றும் நொதியங்களைத் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பதற்கு, முளையத்தில் அது ஏற்படுத்தும் குறைபாடுகள் காரணம். அந்தக் குறைபாடுகள் இந்தத் தடுப்பினால்தான் வருகின்றன என்பது வலுவான ஊகம், முடிந்த முடிவல்ல.

மாணவியின் பட்டினிக் கேள்விக்கு வருகிறேன். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஆறு தசாப்தத்துக்குப் பிறகு ஆராய்ந்து 2008இல் வெளியான வேலையில், வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 ஜீனருகே டி.என்.ஏ. மெதைல் அளவு, பஞ்சத்தைக் காணாத உடன்பிறப்புகளைவிடச் சிறிது குறைவாக இருந்தது. இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். முதலாவது, அது டி.என்.ஏ.யின் மேல் நேரடியாக ஏறும் மெதைல், நாம் இங்கே பேசும் ஹிஸ்டோன் மெதைல் அல்ல. இரண்டாவது, அந்தப் பிள்ளைகளும் பட்டினியை நேரடியாக அனுபவித்தவர்கள். அவர்கள் உடலில் தடம் இருப்பது பரம்பரை கடத்தல் அல்ல. கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவளும், வயிற்றிலுள்ள பிள்ளையும், அந்தப் பிள்ளைக்குள் உருவாகும் புணரிக் கலங்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே தாய்வழியில் பூட்டப்பிள்ளையிடம் காட்டினால்தான் கடத்தல் என்று சொல்லலாம். முலையூட்டிகளில் புணரிகள் உருவாகும்போதும் கருக்கட்டிய பின்பும் டி.என்.ஏ. மெதைல் அடையாளங்களில் பெரும்பகுதி அழிக்கப்படுகிறது. விந்தில் ஹிஸ்டோன்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் புரொட்டமின் என்ற வேறு புரதங்கள் வருகின்றன. மனிதரில் அப்படியொரு தலைமுறை கடந்த கடத்தல் நிரூபிக்கப்படவில்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் உடல்நலத்தில் கர்ப்பகாலப் போசாக்கின்மை நீண்டகாலத் தாக்கம் வைத்திருக்கக்கூடும் என்று சொல்வது நியாயம். “உங்கள் ஜீனிலேயே போர் எழுதப்பட்டிருக்கிறது” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. அறிவியலும் அதற்குத் துணை நிற்காது.

இந்த வரைபடங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். ‘சிப்’ எனப்படும் முறையில் கலங்களை 1 சதவீத ஃபோமல்டிஹைட்டில் அறை வெப்பத்தில் 10 நிமிடம் வைத்துப் புரதத்தையும் டி.என்.ஏ.யையும் பிணைக்கிறோம், 125 மில்லிமோலார் கிளைசினால் 5 நிமிடத்தில் அதை நிறுத்துகிறோம். பிறகு ஒலியலையால் 200 முதல் 500 மூலச்சோடித் துண்டுகளாக உடைத்து, குறித்த அடையாளத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி 2 முதல் 5 மைக்ரோகிராம் சேர்த்து 4 பாகையில் இரவு முழுவதும் சுழலவிட்டு, காந்தமணிகளால் மீட்டு, உப்புச் செறிவு கூட்டிக் கூட்டிக் கழுவி, 65 பாகையில் இன்னோர் இரவு வைத்துப் பிணைப்பை அவிழ்க்கிறோம். மின்வெட்டு வரும் ஊரில் அந்த இரண்டாம் இரவுக்கு மாற்று மின்சாரம் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஃபோமல்டிஹைட்டில் 10 நிமிடம் 20 ஆனால் துண்டு உடையாது. உடையவில்லை என்று ஒலியலையைக் கூட்டினால் மாதிரி சூடாகிப் புரதம் கெடும். எனவே பிறபொருளெதிரியைத் தொடுமுன் சிறிதளவை எடுத்துப் பிணைப்பை அவிழ்த்து ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

அதிகம் கெடுப்பது பிறபொருளெதிரிதான். எச்3இன் 9ஆவது லைசினையும் 27ஆவது லைசினையும் சுற்றியுள்ள அமினோ அமில வரிசை இரண்டிலும் ஒன்றே: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். எனவே 27க்கென்று விற்கப்படும் பிறபொருளெதிரி 9ஐயும் பிடித்தால், பொலிகோம்ப் பகுதியென்று நீங்கள் வரைந்தது வேறொன்றாக இருக்கும். புட்டியின் லேபிளை நம்பாமல், மாற்றியமைத்த சிறு புரதத் துண்டுகளில் அதைச் சோதித்த முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். அதே பெயரில் வரும் அடுத்த தொகுதிக்கும் திரும்பச் சோதிக்க வேண்டும். கணக்கிலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பிறபொருளெதிரி சேர்க்குமுன் 1 சதவீதத்தைத் தொடக்க மாதிரியாக எடுத்து வைத்திருந்தால், டி.என்.ஏ.யைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையில் அதற்குக் கிடைக்கும் சுற்று எண்ணிலிருந்து 6.64ஐக் கழிக்க வேண்டும், ஏனெனில் நூறு மடங்கு என்பது 6.64 இரட்டிப்பு. தொடக்க மாதிரி 27.0 என்றால் திருத்திய எண் 20.36. மீட்ட மாதிரி 24.5இல் வந்தால் வித்தியாசம் 4.14 சுற்று, மீட்பு ஏறத்தாழ 5.7 சதவீதம். எதையும் குறிவைக்காத பிறபொருளெதிரி 31.0இல் வந்தால் 0.06 சதவீதம். இப்படி நூறு மடங்குக்குக் கிட்ட வித்தியாசம் இருந்தால் நம்பலாம்; மூன்று நான்கு மடங்கென்றால் எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது.

உங்கள் வகுப்புக்கு ‘சிப்’ தேவையில்லை. நீர்த்தொட்டி, மையநீக்கி, ஜெல் ஓட்டும் பெட்டி உள்ள ஆய்வுகூடமும், சந்தையில் ஒரு கோழிக்கடையும் போதும். கோழியின் செங்குருதிக் கலத்துக்குக் கரு உண்டு. அதே கோழியின் ஈரலையும் எடுத்தால் ஒரே டி.என்.ஏ.யுள்ள இரண்டு இழையங்கள் கைவசம். நாட்டுக்கோழியா புரொயிலரா என்பதில் வித்தியாசமில்லை. கடைக்காரர் கழுத்தை அறுக்கும்போது சோடியம் சித்திரேற் ஊற்றிய போத்தலில் இரத்தத்தைப் பிடியுங்கள், உறையக்கூடாது. 0.9 சதவீத உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவி, 10 மில்லிமோலார் ட்ரிஸ் பி.எச். 7.5, 3 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைட்டு, 0.25 மோலார் சுக்குரோசு, 0.5 சதவீத ட்ரைற்றன் கொண்ட குளிர்ந்த தாங்கற் கரைசலில் கலக்கி 5 நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, 1000 மடங்கு புவியீர்ப்பில் 10 நிமிடம் சுழற்றுங்கள். சிவப்பு மேல்திரவம் போய், அடியில் வெள்ளைக் கட்டி தங்கும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இரத்தத்தை அளவுக்கு மேல் எடுப்பதுதான் வழக்கமான பிழை: ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் டி.என்.ஏ. இருக்கிறது, 50 மைக்ரோலீற்றர் தாராளம். மக்னீசியம் மறந்தாலோ கலங்களை நெரித்தாலோ கரு உடைந்து, குழாயில் மூக்குச்சளி போல் ஒரு கட்டி சுருளும். அதைக் காப்பாற்ற வழியில்லை, புதிதாகத் தொடங்க வேண்டும்.

கழுவிய கருக்களை ட்ரைற்றன் இல்லாத அதே தாங்கற் கரைசலில் எடுத்து 1 மில்லிமோலார் கல்சியம் குளோரைட்டுச் சேர்த்து, நியூக்கிளியோசோம்களுக்கு இடையிலுள்ள டி.என்.ஏ.யை வெட்டும் மைக்ரோகொக்கல் நியூக்கிளியேசு என்ற நொதியத்தை இட்டு 37 பாகையில் வையுங்கள். 0, 1, 2, 5, 10, 20 நிமிடத்தில் ஒவ்வொரு பங்கை எடுத்து 20 மில்லிமோலார் ஈ.டி.ரி.ஏ.யும் 1 சதவீத எஸ்.டி.எஸ்.ஸும் உள்ள குழாயில் விட்டால் நொதியம் நின்றுவிடும். நொதியத்தின் அலகு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட வரைவிலக்கணம், பத்து மடங்கு வரை வித்தியாசம் வரும்; எனவே வகுப்புக்கு முதல்நாளே அளவை முயன்று பார்த்து வையுங்கள். புரத நொதியம் கே, பிறகு ஆர்.என்.ஏ. அகற்றும் நொதியம், பின் அற்ககோல் வீழ்படிவு. குழியொன்றுக்கு 2, 3 மைக்ரோகிராம் வீதம் 1.5 சதவீத அகரோசு ஜெல்லில் ஓட்டினால், 0 நிமிடத்தில் மேலே ஒரே பட்டை. 2, 5 நிமிடத்தில் ஏணிப் படிகள் போலச் சீரான இடைவெளியில் பட்டைகள். 20இல் எல்லாம் அடிப் பட்டைக்கு இறங்கி 147க்குக் கிட்ட நிற்கும். ஆர்.என்.ஏ.யை அகற்றாமல் விட்டால் அந்த அடிப் பட்டையை ஒரு மங்கல் மூடிவிடும். கல்சியம் மட்டும் சேர்த்து நொதியம் சேர்க்காத ஒரு குழாயையும் கட்டாயம் வையுங்கள். ஈரல் கருக்களுக்குச் சொந்த நியூக்கிளியேசு உண்டு. இந்த ஏணி 1973இல் எலி ஈரலில் முதலில் தென்பட்டதே அப்படித்தான்.

இரண்டு ஏணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் ஒரு சுவையான வித்தியாசம் தெரியும். கோழிச் செங்குருதிக் கலத்தில் படியொன்றுக்கு ஏறத்தாழ 212 மூலச்சோடி, ஈரலில் ஏறத்தாழ 200. முதற்படியில் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாம் படியில் 60 மூலச்சோடி விலகி நிற்கும். செங்குருதிக் கலத்தில் எச்1க்குப் பதிலாக எச்5 என்ற இணைப்பு ஹிஸ்டோன் பெருமளவில் இருப்பதோடு சேர்ந்து வருவது இது; அந்தக் கலம் முதிரும்போது கரு முழுவதுமே இறுகி அடங்குகிறது.

இதுவரை காட்டியது பொதியை மட்டும். ஒழுங்காக்கலைக் காட்ட, ஹரல்ட் வெயின்ட்ரோபும் மார்க் கிரவுடினும் 1976இல் செய்ததைச் சிறிய அளவில் பின்பற்றலாம். கோழி முளையத்தின் செங்குருதிக் கலக் கருவில் டி.என்.ஏ.ஸ் 1 நொதியம் குளோபின் ஜீனை முந்தி வெட்டியது. வேறு இழையங்களின் கருவில் அப்படி முந்தவில்லை. இரண்டு கருத் தொகுதிக்கும் மக்னீசியம் உள்ள கரைசலில் டி.என்.ஏ.ஸ் 1ஐப் படிப்படியாகக் கூடும் அளவுகளில் இட்டு 37 பாகையில் 10 நிமிடம் வைத்து, ஈ.டி.ரி.ஏ.யால் நிறுத்தி, டி.என்.ஏ.யைப் பிரித்து பி.சி.ஆர். செய்யுங்கள். பீற்றா குளோபின், அல்புமின், ஓவல்புமின் என்று மூன்று ஜீன்களுக்கு முதலி, அதாவது பெருக்கலைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு, தேவை. முளையத்துக்குப் பதிலாக வளர்ந்த கோழி என்பதால் முடிவு அவ்வளவு கூர்மையாக வராமலும் போகலாம். திறந்திருக்கும் ஜீன் முந்தி வெட்டுப்படுவதால் அதன் பி.சி.ஆர். பட்டை முந்தி மறையும். ஆகவே எதிர்பார்ப்பு, இரத்தத்தில் குளோபினும் ஈரலில் அல்புமினும் முந்தி மறைவது. ஓவல்புமின் இரண்டிலும் பிந்தும், ஏனெனில் அந்த ஜீன் வேலை செய்வது முட்டைக் குழாயில். ஈரலில் குளோபினும் முந்தி மறைந்தால் பதற வேண்டாம்: கோழி இரத்தக் கலத்துக்குக் கரு இருப்பதால், ஈரலில் தங்கிய இரத்தமே அந்த முடிவைத் தரும். ஈரல் நாளத்தினூடாகக் குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தி, ஈரல் வெளிறும்வரை கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். மூன்று முதலிகளும் பெருக்கும் துண்டு ஒரே நீளமாக, 400 மூலச்சோடிக்குக் கிட்ட, இருக்கட்டும். நீளமான துண்டு வெட்டுப்பட வாய்ப்பு அதிகம் என்பதால், நீளம் வேறுபட்டால் குரோமற்றினின் வித்தியாசமா துண்டின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. அளவறி பி.சி.ஆர். கருவி இல்லையென்றால் 22 முதல் 25 சுற்றோடு நிறுத்தி ஜெல்லில் பட்டையின் ஒளியை ஒப்பிடலாம். 35 சுற்று ஓடவிட்டால் எல்லாப் பட்டையும் ஒரே அளவில் ஒளிரும்.